தலைக்காசு வாங்கியவரும் கமிஷன் கேட்பவரும்

பால்மரக் காடும் பந்துத் திடலும் – 17

கடந்த சில வாரங்களாக ஆடியவர்களைப் பற்றியே எழுதி வந்தேன். 1957இல் பேராக் மலாயாக் கிண்ணத்தை வென்றது. 1967இல் அந்தக் கிண்ணம் மலேசியக் கிண்ணமாகப் பெயர் மாறிய முதல் ஆண்டிலேயே மறுபடியும் ஈப்போவுக்கு வந்தது. 1970இல் இன்னொரு தடவை. அந்தக் கதைகளைச் சொல்லி முடித்தாயிற்று. இந்த வாரம் பந்தையே தொடாத ஓர் ஆளைப் பார்ப்போம். ஆட்டக்காரனுக்கும் சங்கத்துக்கும் நடுவில் நிற்பவர். “பையனை நான் கொண்டுவருகிறேன், எனக்கு என்ன?” என்று கேட்பவர். இன்று அவரை ஏஜெண்ட் என்கிறோம். ஃபிஃபா அவருக்குப் பரீட்சை வைத்து உரிமம் கொடுக்கிறது. தோட்டத்துத் தமிழனுக்கோ இந்த ஆளை நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரியும்.

கங்காணியிலிருந்து தொடங்கலாம். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் அங்கே நிற்கிறது. அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் என்று பேராக் முழுக்கக் காடு அழிந்து பால்மரம் ஏறியது. மரம் நட்டால் போதுமா, வெட்ட ஆள் வேண்டாமா? ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு ஆள் பிடிக்கும் வேலை முழுவதும் கங்காணி கைக்கு வந்தது. துரை தனக்கு நம்பிக்கையான ஒருவரை லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தன் கிராமம், தன் சாதி, தன் சொந்தபந்தம் என்று ஆள் திரட்டி, ஆவடி முகாம் வழியாகவோ நாகப்பட்டினம் முகாம் வழியாகவோ கப்பலேற்றுவார். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்கு ஒரு தொகை கிடைக்கும்.

கப்பலோடு அவர் கணக்கு முடிந்துவிடாது. விடியற்காலைப் பிரட்டை நினைத்துப் பாருங்கள். இருட்டு இன்னும் விலகியிருக்காது. ஆபீசுக்கு முன்னால் ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்பார்கள். கிராணி கையில் செக்ரோல் இருக்கும், பெயர் கூப்பிடக் கூப்பிடக் குரல் வரும். கங்காணியும் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு அவருக்கு இரண்டு காசு. அதுதான் தலைக்காசு. ஆணின் நாள்கூலி ஐம்பது காசாக இருந்த காலத்தில் அது நூற்றுக்கு நான்கு. கூலியின் சம்பளத்தில் அதைப் பிடிப்பதில்லை, தோட்டம்தான் தனியாகக் கொடுத்தது. ஆனால் பங்கு என்னவோ அவன் உடம்பு காட்டுக்குள் போனால்தான் வரும். காய்ச்சலில் ஒருவன் லயத்தில் படுத்துவிட்டால் கங்காணிக்கு அன்று இரண்டு காசு நட்டம். லயத்துக் கதவைத் தட்டி ஆளை எழுப்பியது வெறும் கடமை உணர்ச்சி இல்லை என்பது படித்தவர்களைவிடப் பால் வெட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நான்கு விழுக்காட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கூலியாட்களை உதவித்தொகையோடு மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்ததும் கங்காணியின் ஆள்பிடிப்பு முடிந்தது. அதற்குள் தோட்டங்களில் பந்து உருள ஆரம்பித்திருந்தது. துரைமாருக்குப் பிடித்த விளையாட்டு, செலவு குறைவு, மாலையில் ஆட்களைக் கள்ளுக்கடைப் பக்கம் போகவிடாமல் நிறுத்தும். நாட்டின் பெரிய கிண்ணப் போட்டி 1921இல் பிறந்த விதமும் இந்தக் கதையோடு ஒட்டியதுதான். கூட்டுமலாய் மாநிலங்கள் பிரிட்டனுக்குப் பணம் கொடுத்துக் கட்டுவித்த ‘மலாயா’ என்ற போர்க்கப்பல் அந்த ஆண்டு இங்கே வந்தது. கப்பல்காரர்கள் நன்றியாகக் கோப்பை கொடுத்தார்கள். அந்த மாநிலங்களின் வருமானம் ஈயமும் ரப்பரும். பால் வெட்டியவன் காசில் கட்டிய கப்பல் கொடுத்த கோப்பைக்காக அவன் பேரன்கள் பிற்காலத்தில் ஓடினார்கள் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

தோட்டத்துக்குள் நன்றாக ஆடும் பையன் வெளியே தெரிய வேண்டுமானால் ஒருவர் வாய் திறக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் ஆங்கிலம் தெரிந்த கிராணியும் தமிழ்ப்பள்ளி வாத்தியாரும். அவர்கள் பங்கு கேட்கவில்லை. மாவட்ட அணிக்குத் தங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் போனான் என்ற பெருமை அவர்களுக்குப் போதும். இந்தத் தொடரில் நான் தலைவணங்கும் இடையாட்கள் இவர்கள் மட்டும்தான்.

அடுத்த கட்டத்தில்தான் அரசியல் வந்தது. 1989இல் அரைத்தொழில்முறை லீக் வரும் வரை மாநில அணிக்கு ஆடியவர்கள் எல்லாரும் எங்கோ ஒரு வேலையில் இருந்துகொண்டு ஆடியவர்கள். போலீஸ், ரயில்வே, மின்சார வாரியம், வங்கி, மாநில மேம்பாட்டுக் கழகம். ஒரு ஆட்டக்காரனை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு இழுப்பது என்றால் அவனுக்கு அங்கே ஒரு வேலை போட்டுக் கொடுப்பது. அந்த வேலையை யார் போட்டுக் கொடுக்க முடியும்? மாநில முதலமைச்சரான மந்திரி பெசாரால் முடியும். சிலாங்கூரில் ஹருன் இட்ரிஸ் மந்திரி பெசார். மாநிலக் காற்பந்துச் சங்கத் தலைவரும் அவரே. 1975இல் முகமது அலியையே கோலாலம்பூருக்கு வரவழைத்துக் குத்துச்சண்டை நடத்தியவர்களில் முன்நின்றவர் அவர். அதற்கு மேலே பார்த்தால் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் காற்பந்துச் சங்கத்துக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் தலைவராக இருந்தார். உச்சியிலிருந்து அடி வரை தலைவர் நாற்காலியும் பதவி நாற்காலியும் ஒன்றாக இருந்தபோது, தனியாக ஓர் ஏஜெண்டுக்கு என்ன வேலை?

பேராக் தமிழருக்குத் தெரிந்த அரசியல் வீடுகள் சில. ஈப்போவில் வழக்கறிஞர்களான சீனிவாசகம் சகோதரர்கள். டி.ஆர். 1969 மார்ச்சில் இறந்தார். இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அவர்களுடைய மக்கள் முற்போக்குக் கட்சி நான்கு நாடாளுமன்ற இடங்களையும் பேராக்கில் பன்னிரண்டு சட்டமன்ற இடங்களையும் வென்றது. அண்ணன் எஸ்.பி. கட்சியைத் தேசிய முன்னணிக்குள் கொண்டுபோனார், 1974இல் தோற்றார், மறு ஆண்டே மறைந்தார். வடக்கே சுங்கை சிப்புட். 1948இல் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கிய ஊர் அது. அங்கே ரப்பர்த் தோட்டம் வளர்த்த வீராசாமியின் மகன் வீ.தி. சம்பந்தன் 1959 முதல் 1974 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர், அமைச்சர். அவருக்குப் பிறகு சாமிவேலு 2008 வரை. ஆக, ஒரே தொகுதி நாற்பத்தொன்பது ஆண்டுகள் இரண்டே பேர் கையில்.

இந்த வாசல்களில் காலை நேரத்தில் வரிசை நிற்கும். வேலைக்கு, லாரி லைசென்சுக்கு, பள்ளிக்கூட இடத்துக்கு, குடியுரிமைத் தாளுக்கு. பந்தாடத் தெரிந்த பையன் இருந்தால் அவன் அப்பாவும் அதே வரிசையில்தான் நிற்பார். தனி வரிசை கிடையாது. தலைவர் ஒரு சிபாரிசுக் கடிதம் தருவார், அல்லது போனில் ஒரு வார்த்தை. கமிஷன் கேட்கவில்லை. ஓட்டுக் கேட்டார்கள். கமிஷனாக இருந்திருந்தால் ஒரு தடவையோடு கணக்கு தீர்ந்திருக்கும். ஓட்டுக் கணக்கு அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும்.

சம்பந்தனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தோட்டம் துண்டுபட்டால் லயம் போகும், கோயில் போகும், பள்ளிக்கூடம் போகும். திடலும் போகும், ஆனால் அதற்காக யாரும் மனுப் போட மாட்டார்கள். செம்பனை வந்த பிறகு, வெளியேறிய குடும்பங்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்குப் போனபோது, பதினோரு பேர் ஓட இடமில்லாத அடுக்குமாடிகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது. பேராக் அணியில் தமிழ்ப் பெயர்கள் ஏன் அருகின என்று கேட்பவர்கள் ஆட்டக்காரனின் திறமையை ஆராய்வதற்கு முன் திடலின் நிலப்பட்டாவை ஆராயட்டும்.

அரசியல் வீட்டுப் பிள்ளையே நேரடியாக ஏஜெண்ட் ஆனால் எப்படி இருக்கும்? அதற்கு இத்தாலிக்குப் போக வேண்டும். 2001இல் ரோமில் ‘கெயா வேர்ல்ட்’ என்ற ஏஜென்சி பிறந்தது. நடத்தியவர் அலெசாண்ட்ரோ மோஜி. அவர் அப்பா லூச்சானோ மோஜி யுவென்டஸ் கிளப்பின் முதன்மை நிர்வாகி. கூட இருந்தவர்கள் யார் என்று பாருங்கள்: பெரிய வங்கி ஒன்றின் தலைவர் மகள், பார்மா கிளப்பை வைத்திருந்த பார்மலாட் பால் கம்பெனி முதலாளியின் மகள், லாசியோ கிளப் முதலாளியின் மகன். நாட்டின் முன்னாள் பிரதமர் சிரியாக்கோ தெ மீத்தாவின் மகன் ஜுசெப்பே தெ மீத்தாவும் அந்தக் கம்பெனியில் பொறுப்பில் இருந்தார். கடன் கொடுக்கும் வங்கி, ஆளை வாங்கும் கிளப், ஆளை விற்கும் ஏஜெண்ட் என்று எல்லாம் ஒரே விருந்து மேசையில். கிட்டத்தட்ட இருநூறு ஆட்டக்காரர்கள் அவர்கள் பட்டியலில் இருந்தார்கள். 2006இல் இத்தாலியக் காற்பந்தையே உலுக்கிய முறைகேடு வெளிவந்ததும் ஏஜென்சி கலைந்தது. ஆட்டக்காரர்களை மிரட்டித் தங்கள் பக்கம் இழுத்ததாக 2009இல் ரோம் நீதிமன்றம் மோஜி அப்பாவுக்கும் மகனுக்கும் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, கடைசியில் காலக்கெடு கடந்ததால் வழக்கே ஒழிந்தது. மற்றப் பிள்ளைகள் பெரிய வீட்டில் பிறந்ததற்காக யாரும் தண்டனை பெறவில்லை, பெறவும் கூடாது. ஆனால் பதினெட்டு வயது ஆட்டக்காரன் ஒருவன், தன் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் அப்பா யார் என்பது தெரிந்த பிறகு, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாய் திறப்பானா?

இங்கே திரும்புவோம். 1989க்குப் பிறகு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், அவர்களோடு ஏஜெண்டும் வந்தார். அவர் கொண்டுவந்ததெல்லாம் வெளியிலிருந்து. உள்ளூர்ப் பையனுக்கு வந்து சேர்ந்த இடையாள் வேறு ரகம்: சூதாட்டக்காரனின் தூதர். 1994–95 ஊழல் விசாரணையில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேர் நிரந்தரமாக நீக்கப்பட்டார்கள். 58 பேர் இடைநிறுத்தம். சிலரை 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் ஊரைவிட்டே வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். சங்கங்களில் நாற்காலி வைத்திருந்த பெரியவர்கள் பெரும்பாலும் நாற்காலியிலேயே இருந்தார்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு நேர்மையான ஏஜெண்ட் அந்தப் பையன்களுக்கு இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு.

2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இங்கே தடை. ஏஜெண்டுகளுக்கு அது வறண்ட காலம். அந்த 2011இல்தான் பேராக்கில் ஆடி, பேராக்குக்குப் பயிற்சியும் கொடுத்த எம். கராத்து, கிளந்தானுக்கு முதல் சூப்பர் லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். ஆசியக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளராக 1978 முதல் 2007 வரை இருந்த பீட்டர் வேலப்பன் நெகிரி செம்பிலான் சிலியாவ்காரர். பயிற்சியாளர், நிர்வாகி என்று நம்மவர்கள் வந்திருக்கிறார்கள். பேரம் பேசும் மேசையில் மட்டும் நம் பக்கத்து நாற்காலி காலி. அதை நிரப்ப ஒரு முயற்சி அரசியல் பக்கத்திலிருந்தே வந்தது: ம.இ.கா. தலைவர்களில் ஒருவரான டத்தோ டி. மோகன் முன்னின்ற மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபா, அணி ஒன்றை 2017இல் பிரிமியர் லீக் வரை கொண்டுவந்தது. அது பெட்டாலிங் ஜெயா சிட்டியாகி 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2021இல் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து ஆடிக் காட்டியது. 2022 முடிவில் லீக்கைவிட்டு விலகியது. அது மூடப்பட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பேராக்கின் கதை இன்னும் வேகமாகச் சரிந்தது. 2018 அக்டோபரில் திரங்கானுவை 3–3 என்ற சமநிலைக்குப் பிறகு பெனால்டியில் வென்று எட்டாவது முறையாகக் கிண்ணம். மந்திரி பெசாராக இருந்த அகமட் ஃபைசால் அசுமு மாநிலக் காற்பந்துச் சங்கத் தலைவராகவும் இருந்தார். 2020 டிசம்பரில் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று அவர் பதவி இழந்தார். அதே வேளையில் சங்கங்கள் தனியார் கிளப்புகளாக மாற வேண்டும் என்ற விதி வந்தது, கோவிட்டும் இருந்தது. 2021இல் சம்பளம் பாக்கி விழுந்தது, ஆட்டக்காரர்கள் நடுவிலேயே கிளம்பினார்கள், பேராக் முதல் முறையாகத் தரமிறங்கியது. தனியார் நிறுவனம் ஒன்று எடுத்து நடத்தியது. 2025இல் அதுவும் கைவிட, கிளப் லீக்கிலிருந்தே விலகியது. 2018இன் சாம்பியன் மூன்றே வருடத்தில் தரமிறங்கியதற்குக் காரணம் பல. ஒன்று எனக்குத் தெளிவு: பதவியில் இருப்பவரின் செல்வாக்கை வருமானமாகக் கணக்கெழுதிய கிளப், அவர் பதவி போனதும் கடனைத்தான் எழுதும்.

ஃபிஃபாவின் சட்டங்கள் இதற்கிடையில் முன்னும் பின்னும் ஆடின. 1996இல் ஏஜெண்ட் ஆக 2 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் வங்கி உத்தரவாதம் கேட்டார்கள். 2015இல் உரிமமே வேண்டாம், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். 2023இல் மறுபடியும் உரிமம், பரீட்சை. முதல் பரீட்சை அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்று மொழிகளில். எழுதிய சுமார் 3,800 பேரில் தேறியது பாதிக்குச் சற்று மேல். கட்டணத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் அமெரிக்க டாலருக்குள் என்றால் 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3. தலைக்காசின் நான்கு விழுக்காடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐரோப்பிய ஏஜெண்டுகள் நீதிமன்றம் போனார்கள். 2023 முடிவில் அந்த உச்சவரம்பை ஃபிஃபா நிறுத்தி வைத்தது. கங்காணிக்கு வக்கீல் வைக்கத் தெரியவில்லை.

2025 செப்டம்பரில் வந்த செய்தியையும் இங்கே வைக்க வேண்டும். தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று சொல்லி வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஏழு பேர் இந்நாட்டுக் குடியுரிமையும் தேசிய அணியில் இடமும் பெற்றார்கள். அந்தப் பிறப்புப் பத்திரங்கள் பொய்யானவை என்று ஃபிஃபா முடிவு செய்து, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடையும் விதித்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள். நான் மேற்கொண்டு எழுதத் தேவையில்லை.

இந்த வாரக் கட்டுரையைப் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ பந்தாடும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் படித்தால் அவர்களுக்குச் சில வார்த்தைகள். யாராவது வந்து “தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்றால், உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலை ஃபிஃபா தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அதில் அவர் பெயரைத் தேடுங்கள். பிள்ளை சிறுவன் என்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் ஒப்பந்தம் போட முடியாது. சிறாரைக் கையாள அவர் தனிப் பாடமும் முடித்திருக்க வேண்டும். ஆட்டக்காரனோடு போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் செல்லாது. கிளப்பிலோ சங்கத்திலோ பதவியில் இருப்பவர் ஏஜெண்டாக இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வந்தவர் எந்தத் தலைவரின் பிள்ளை என்றாலும் இதையெல்லாம் கேளுங்கள். கேட்பதற்கு யாருடைய சிபாரிசுக் கடிதமும் வேண்டியதில்லை.